காங்கிரீட் போடும் முன்னே... லைட் எங்கே?

வீடு கட்டுற பேச்சு ஆரம்பிச்சாச்சா? பிளானை ஒரு ராத்திரிக்கு உங்க கையில வாங்குங்க!

உங்க வீட்டுல சொந்த வீடு கட்டும் பேச்சு ஓடுதா? அப்பா பி.எஃப். பணத்தை எடுத்தாச்சு, பேங்க் லோனுக்கு எழுதியாச்சு, அம்மாவோட நகை பாதி உள்ளே போயாச்சு. வாஸ்து பார்க்கிறவர் வந்து காபி குடிச்சுட்டுப் போயாச்சு. வாசக்கால் தேக்கா வேம்பா, டைல்ஸ் வெள்ளையா சந்தனக் கலரா, பூஜை ரூம் எந்த மூலை... எல்லாத்துக்கும் பட்டிமன்றம் நடந்து முடிஞ்சிருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தைப் பத்தி யாருமே பேசியிருக்க மாட்டாங்க. வெளிச்சம்!

அது எப்போ ஞாபகத்துக்கு வரும் தெரியுமா? சென்ட்ரிங் அடிச்சு, கம்பி கட்டி, 'நாளைக்குக் காலையில ரூஃப் காங்கிரீட்' என்கிற நாளின் சாயங்காலம். பைப் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எலக்ட்ரீஷியன் வந்து நிற்பார். "சார், பாயின்ட் எங்கெங்கே வேணும்?" அப்பா ஆயிரம் டென்ஷனில் இருப்பார். "நடுவுல ஒரு ஃபேன், சுவத்துல ஒரு ட்யூப் லைட்... வழக்கம்போல போடுப்பா." அவ்வளவுதான், மேட்டர் ஓவர். அந்த 'வழக்கம்போல'க்குக் கீழேதான் அடுத்த நாற்பது வருஷம் உங்க குடும்பம் படிக்கணும், சமைக்கணும், படி ஏறி இறங்கணும்.

இந்தக் கட்டுரை அந்த சாயங்காலத்துக்கு முன்னாடி நீங்க படிக்க வேண்டியது.

ஃபேக்டரிக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி கவரைப்பேட்டையில் இறங்கி, சத்தியவேடு ரோட்டைப் பிடித்தால் தேர்வாய் கண்டிகை பக்கம் போகலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. மிச்செலின் டயர் தொழிற்சாலை இருக்கிற சிப்காட் தொழிற்பூங்கா இங்கேதான். மேய்ச்சல் நிலம் போகிறதே என்று ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகும் வந்த பூங்கா. சென்னைக்குக் குடிநீர் தர கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டதும் இதே ஊர்ப் பெயரில்தான்.

சிப்காட் வந்தால் ஊரில் என்ன நடக்கும்? ஷிப்ட் பஸ் வரும், மெஸ் வரும், வாடகைக்கு ஆள் வரும். கூடவே செங்கல் லாரி வரும். ஓட்டு வீடு மாடி வீடாகும், காலி மனையில் வாடகைக்கு லைன் வீடு எழும்பும். கும்மிடிப்பூண்டி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்... எந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றிப் போனாலும் இதே காட்சிதான்.

இப்போ ஒரு விநோதத்தைக் கவனியுங்க. ஒரு பெரிய தொழிற்சாலை கட்டும்போது, எந்த மெஷினுக்கு மேலே எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழணும் என்று முதலில் கணக்குப் போடுவார்கள். லைட் எங்கே தொங்கணும் என்பது டிராயிங்கில் இருக்கும். கூரையில் பகல் வெளிச்சம் வர எங்கே ஷீட் போடணும் என்பதும் டிராயிங்கில் இருக்கும். 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-வது பிரிவில் வெளிச்சத்துக்கென்று தனியாக எழுதி வைத்தார்கள். போதுமான வெளிச்சம் வேணும், ஜன்னல் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைச்சு வைக்கணும், கண்ணைக் கூசக்கூடாது. அதைவிட முக்கியம், கண்ணைக் களைப்பாக்கும் அளவுக்கோ விபத்து நடக்கும் அளவுக்கோ நிழல் விழக்கூடாது!

நிழல் விழக்கூடாது என்று சட்டம். அதே தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவரின் சமையலறையில் என்ன நடக்கிறது? முதுகுக்குப் பின்னால் ட்யூப் லைட். காய் நறுக்கும் பலகை மேல் தன் நிழலே விழ, அதற்குள் கத்தி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே எந்தச் சட்டமும் கிடையாது. கேட்க வேண்டியது நீங்கதான்.

ஐந்து விளக்கை முதலிலேயே எழுதிய பிளான்

"இதெல்லாம் ஆர்க்கிடெக்ட் வெச்சு பங்களா கட்டறவங்களுக்குப்பா" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. தமிழ்நாட்டிலேயே, 300 சதுர அடி வீட்டில், இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

2011-12ல் தமிழக அரசு தொடங்கியது முதலமைச்சரின் சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டம். கிராம ஊராட்சிகளில் வருஷத்துக்கு 60,000 வீடு, ஐந்து வருஷத்தில் 3 லட்சம் வீடு என்பது இலக்கு. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன், கழிப்பறை, முன்னால் ஒரு வராண்டா. மழைநீர் சேகரிப்பும் உண்டு. ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கியது 1.80 லட்சம் ரூபாய். அதில் கட்டடத்துக்கு 1.50 லட்சம், சூரிய சக்தி விளக்குகளுக்கு 30,000. அதாவது மொத்த பட்ஜெட்டில் ஆறில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு! சோலார் பேனல், பேட்டரி விலையும் அதில் சேர்த்தி.

ஐந்து சி.எஃப்.எல். விளக்கு. எங்கெங்கே? ஹாலில் ஒன்று, பெட்ரூமில் ஒன்று, கிச்சனில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று, வராண்டாவில் ஒன்று. இந்தப் பட்டியலைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. கடைசி இரண்டும் கிராமத்து வீடுகளில் பொதுவாக விட்டுப்போகிற இடங்கள். ராத்திரி கழிப்பறைக்குப் போகிற பெண்ணுக்கும், வாசலில் பூட்டுத் துவாரத்தைத் தேடுகிறவருக்கும் வெளிச்சம் வேணும் என்று பிளான் போடும்போதே யாரோ யோசித்திருக்கிறார்கள். குடிசைக்கு ஒரே ஒரு பல்பு என்று மின்சாரம் கொடுத்துப் பழகிய மாநிலத்தில் இது பெரிய தாவல்.

சி.எஃப்.எல். காலம் போய் எல்.ஈ.டி. காலம் வந்துவிட்டது. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்றைக்கு 9 வாட்ஸ் எல்.ஈ.டி. தந்துவிடும். பல்பு மாறலாம், பாயின்ட் இருக்கும் இடம் மாறாது. பாடம் அதுதான்: எத்தனை விளக்கு என்பதைவிட, எங்கே என்று எப்போது முடிவு செய்தோம் என்பதுதான் மேட்டர்.

மூணு கடைசித் தேதி

செமஸ்டர் ஃபீஸ் மாதிரி, வீட்டு வெளிச்சத்துக்கும் கடைசித் தேதிகள் உண்டு. மூணே மூணு. தாண்டினால் ஃபைன் கட்டியும் பிரயோஜனமில்லை.

முதல் தேதி: சுவர் எழும்பும் முன். ஜன்னலும் ஓ.டி.எஸ்.ஸும் இதற்குள் முடிவாகணும்.

இரண்டாவது தேதி: ரூஃப் காங்கிரீட்டுக்கு முன். சீலிங் பாயின்ட் எல்லாம் இதற்குள்.

மூன்றாவது தேதி: பூச்சு வேலைக்கு முன். சுவர் லைட்டும் சுவிட்சும் இதற்குள்.

முதல் தேதி: சூரியனோட பேசி முடிங்க

உலகத்திலேயே சீப்பான லைட் சூரியன். வெட்டவெளி உச்சி வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். மேகம் மூடினாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்களுக்குப் படிக்கத் தேவை சுமார் 300 லக்ஸ்தான். ஆனால் அந்த 300-ஐ வீட்டுக்குள் கொண்டுவர வழி விடணுமே!

நம்ம ஊர் மனைகளின் பிரச்னை அகலம். 20 அடி அகலம், 60 அடி நீளம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் வர முடியும். ஜன்னலின் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே போகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. லிண்டல் 7 அடியில் என்றால் 14 முதல் 17 அடி. முன்னால் 17, பின்னால் 17, கூட்டினால் 34. மீதி 26 அடி? பட்டப்பகலில் சுவிட்ச் போடணும். அந்த நடு ரூமைத்தான் பெரும்பாலும் 'பசங்க படிக்கட்டும்' என்று உங்களுக்கு ஒதுக்கியிருப்பாங்க!

இதற்கு மருந்து நம் தாத்தாக்களிடமே இருந்தது. முற்றம். செட்டிநாட்டு வீடுகளில் அத்தனை நீளத்துக்கும் நடுவில் வெளிச்சத்தை இறக்கியது அதுதான். இன்றைக்கு மேஸ்திரிகள் அதன் தம்பியை 'ஓ.டி.எஸ்.' என்பார்கள். மேலே திறந்த ஒரு சின்ன சதுரம். கொழும்பில் ஜெஃப்ரி பாவா என்ற புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட், 33-வது சந்தில் வரிசையாக ஒட்டியிருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கினார். அங்கங்கே சின்னச் சின்ன முற்றங்களையும் வெளிச்சக் குழிகளையும் வைத்தே அந்த இடுக்கை உலகம் பேசும் வீடாக்கினார். உங்களுக்கு 5க்கு 5 கிடைத்தாலும் போதும். அதுவும் முடியாதா? மாடிப்படி ஹெட்ரூமில் கண்ணாடியோ சிமென்ட் ஜாலியோ வைத்து, படி வழியே வெளிச்சத்தை இறக்குங்க.

"25 சதுர அடி வேஸ்ட்டா?" என்று அப்பா கேட்பார். வேஸ்ட் இல்லை, அது அந்த வீட்டோட மூக்கும் கண்ணும் என்று சொல்லுங்க.

அடுத்து ஜன்னல் அளவு. மத்திய அரசு 2018 டிசம்பரில் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புகளுக்கு ஒரு எரிசக்தி கோட் வெளியிட்டது. சென்னை மாதிரி வெக்கையும் புழுக்கமும் உள்ள இடங்களில், திறக்கக்கூடிய பரப்பு கார்பெட் ஏரியாவில் 16.66 சதவீதமாவது, அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்கணும் என்கிறது. பெரிய குடியிருப்புகளுக்காக, காற்றை மனசில் வைத்து எழுதியது. உங்க 20க்கு 60 மனையை அது கட்டாயப்படுத்தாது. ஆனால் வெளிச்சமும் காற்று வருகிற அதே வழியில்தான் வருகிறது, கணக்கைக் கடன் வாங்கிக்குங்க.

10க்கு 12 ரூம் 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20. நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு வைத்தால் 32, பாஸ்! ஆனால் ஸ்லைடிங் ஜன்னலா? அதில் பாதிதான் திறக்கும். 32 பதினாறாகிவிடும், ஃபெயில்! ஜன்னல் மாடலை மாற்றினாலே மார்க் போய்விடுகிறது பார்த்தீங்களா?

திசையும் முக்கியம். நம்ம பக்கம் மேற்கு ஜன்னல்தான் வில்லன். நாலு மணி வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேரா கண்ணுக்கும் கட்டிலுக்கும் வரும். தெற்கு நல்ல பிள்ளை: டிசம்பரில் கூட நண்பகல் சூரியன் இங்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேட் இருந்தால் அந்த நேரத்தில் இரண்டரை அடி ஜன்னலுக்கு மேல் நிழல் கிடைக்கும். வடக்கில் நேர் வெயில் ரொம்பக் குறைவு, சீரான வெளிச்சம். ஆனால் ஒரு ட்விஸ்ட்: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம்ம உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேணும்.

செல்போனில் காம்பஸ் இருக்கே! மனையில் நின்று காலை, மதியம், மாலை மூணு நேரமும் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிளான் ஜெராக்ஸில் அம்புக்குறி போடுங்க. இதற்கு இன்ஜினீயரிங் டிகிரி வேண்டாம்.

இரண்டாவது தேதி: கம்பிக்கு நடுவே பைப்

சென்ட்ரிங் தட்டு மேல் கம்பி கட்டியதும், எலக்ட்ரீஷியன் அதற்குள் பி.வி.சி. பைப்பும் பாக்ஸும் வைப்பார். மறுநாள் காங்கிரீட் அதை விழுங்கிவிடும். அதற்கப்புறம் "இங்கே ஒரு லைட் இருந்தா நல்லாயிருக்கும்" என்று தோன்றினால், சீலிங்கில் வயர் பட்டி ஓட்டணும், இல்லை ஃபால்ஸ் சீலிங் போடணும். செலவும் போச்சு, அழகும் போச்சு.

அதனால் காங்கிரீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே, பிளானில் மேஜை, கட்டில், அடுப்பு, பீரோ எல்லாவற்றையும் பென்சிலால் வரையுங்க. சாமான் எங்கே என்று தெரியாமல் லைட் எங்கே என்று சொல்ல முடியாது. அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இங்கே நிற்கிறவரின் நிழல் எங்கே விழும்?

பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? சின்ன விளக்கு ஒன்று இரண்டு மீட்டர் உயரத்தில் இருப்பதற்கும் அரை மீட்டரில் இருப்பதற்கும் வித்தியாசம் நாலு மடங்கு இல்லை, பதினாறு மடங்கு! தூரத்தின் வர்க்கத்தில் வெளிச்சம் குறையும். 20 வாட்ஸ் எல்.ஈ.டி. ட்யூப் சுமார் 2000 லூமென் தரும். சுவரும் சீலிங்கும் தின்றது போக பாதி வந்து சேர்ந்தால் 1000. 120 சதுர அடி என்பது 11 சதுர மீட்டர். வகுத்தால் சுமார் 90 லக்ஸ். டி.வி. பார்க்க, நடமாட ஓகே. படிக்கவா? 300 எங்கே, 90 எங்கே! இதற்காக சீலிங்கில் இன்னும் மூணு ட்யூப் மாட்ட வேண்டாம். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் கேளுங்க. 9 வாட்ஸ் பல்பு போட்ட டேபிள் லேம்ப் அந்த 300-ஐ சுலபமா தாண்டும்.

மூன்றாவது தேதி: பென்சிலை சுவரில் வையுங்க

செங்கல் சுவர் வெறும் உடம்போடு நிற்கும்போது எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தி பைப்பும் சுவிட்ச் பாக்ஸும் புதைப்பார். மேலே பூச்சு ஏறிவிட்டால் கதவு மூடியாச்சு. இந்தக் கட்டத்தில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் எல்லோரையும் சைட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சும்மா சுத்திப் பார்க்க இல்லை, நடித்துப் பார்க்க!

அம்மா மேடை முன்னால் நிற்கட்டும். லாஃப்ட்டுக்கோ மேல் கப்போர்டுக்கோ அடியில், அவங்க முகத்துக்கு முன்னால் ஒரு லைட் பாயின்ட். இதுதான் வீட்டிலேயே முக்கியமான பாயின்ட். மேடைக்கு எதிரே ஜன்னல் இருந்தால் பகலுக்கு அதுவே போதும்.

பாட்டி படி ஏறட்டும். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டிலும் அதே லைட். டூ-வே சுவிட்ச் என்று சொன்னாலே எலக்ட்ரீஷியனுக்குப் புரியும். பாட்டிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. 60 வயதுக் கண்ணில் விழித்திரை வரை போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணில் சேர்வதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நீங்க நின்று பார்த்து "போதும்பா" என்று சொல்லும் படிக்கட்டு, அவங்களுக்கு அரை இருட்டு. தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு. ஒரு சுவிட்சோட விலை என்ன, அதோட விலை என்ன?

நீங்க கட்டில் இடத்தில் படுங்க. கைக்கு எட்டும் தூரத்தில் சுவிட்ச் இருக்கா? போர்வைக்குள் போனபிறகு 'நீ போய் அணை, நான் போய் அணைக்க மாட்டேன்' என்று தம்பியோடு நடக்கும் மூன்றாம் உலகப் போர் இந்த ஒரு டூ-வே சுவிட்ச்சில் முடிந்துவிடும்.

தங்கச்சி மேஜை இடத்தில் உட்காரட்டும். வலது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வரணும், இல்லையென்றால் எழுதும் வரி மேல் கை நிழல். கம்ப்யூட்டர் ஸ்கிரீன் ஜன்னலைப் பார்த்தும் கூடாது, ஜன்னலுக்கு முதுகு காட்டியும் கூடாது. பக்கவாட்டில் இருக்கணும்.

பாத்ரூம் கண்ணாடி? லைட் தலைக்குப் பின்னால் இருந்தால் ஷேவிங் செய்யும்போது முகம் இருட்டு. கண்ணாடிக்கு மேலே அல்லது பக்கத்தில் வரட்டும்.

இன்னொன்று, இன்வெர்ட்டர் லைன். 2008-க்குப் பிறகு சில வருஷம் தமிழ்நாடு பட்ட மின்வெட்டு அப்பாவுக்கு மறந்திருக்காது. இப்போ இன்வெர்ட்டர் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த லைட்டும் ஃபேனும் அதில் ஓடணும் என்று முடிவு செய்து, தனி வயர் இழுக்கச் சொல்லிவிடுங்க. எர்த்திங்கையும், ஷாக் அடித்தால் கரன்ட்டை வெட்டும் ஆர்.சி.சி.பி.யையும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீங்க.

நைட் ஷிப்ட் போறவருக்கு இருட்டும் வேணும்!

தொழிற்பேட்டை பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் இது. அப்பாவோ அண்ணனோ ஷிப்ட் வேலையா? நைட் ஷிப்ட் முடித்து காலையில் வந்து படுப்பாங்க. ஊரே முழித்திருக்கும் நேரத்தில் தூங்கணும். அவங்களுக்கு வேண்டியது நல்ல இருட்டு.

இது சோம்பேறித்தனம் இல்லை, சயின்ஸ். நம் கண்ணுக்குள், பார்ப்பதற்கென்று இல்லாமல் உடம்புக்கு நேரம் சொல்வதற்கென்றே வெளிச்சத்தை உணரும் செல்கள் இருப்பதை 2002-ல் கண்டுபிடித்தார்கள். உடம்புக்குள் ஓடும் அந்தக் கடிகாரத்தின் மெக்கானிசத்தைக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. இமை வழியாகக் கசியும் வெளிச்சம்கூட 'எழுந்திரு' என்றுதான் மூளைக்குச் சொல்லும்.

அதனால் ஷிப்ட் வேலைக்காரர் இருக்கும் வீட்டில் ஒரு பெட்ரூமையாவது 'பகல் தூக்க' ரூமாகப் பிளான் பண்ணுங்க. கிழக்கு வேண்டாம், காலை வெயில் நேரா வரும். மேற்கு வேண்டாம், மதியத்துக்கு மேல் அடுப்பு. வடக்கு உத்தமம். ஜன்னலுக்கு முழுக் கண்ணாடிக்குப் பதில், மூடினால் வெளிச்சம் வராத மரக் கதவு. காற்றுக்கான வென்டிலேட்டரை நேர் வெளிச்சம் படாத பக்கம் வையுங்க. ஹாலில் டி.வி. இருக்கும் சுவரும் அந்த ரூம் சுவரும் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்குங்க.

செகண்ட் ஷிப்ட் முடித்து ராத்திரி பதினோரு மணிக்கு வருகிறவருக்கு? பூட்டு மேல் விழுகிற மாதிரி ஒரு வராண்டா லைட். அதோட சுவிட்ச் கேட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று இருந்தால் சூப்பர்.

பல்பு கடையில் ரெண்டு நிமிஷம்

டப்பாவில் வாட்ஸை மட்டும் பார்க்காதீங்க, லூமென் எவ்வளவு என்று பாருங்க. அதுதான் வெளிச்சம், வாட்ஸ் கரன்ட் செலவு. 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் பளீர் நீல வெள்ளை. 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். நடுவில் 4000. வீடு முழுக்க 6500 போட்டு டியூட்டி டாக்டர் ரூம் மாதிரி ஆக்காதீங்க. வேலை செய்யும் இடத்துக்கு வெள்ளை, தூங்கும் இடத்துக்கு மஞ்சள். சீலிங்குக்கு வெள்ளை பெயின்ட்தான், விவாதமே வேண்டாம். நல்ல வெள்ளை தன் மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.

ரூம் வாடகைக்குத் தேடறீங்களா?

அப்ரென்டிஸ், புராஜெக்ட் என்று சிப்காட் பக்கம் ரூம் எடுக்கிறவங்களுக்கு:

* ராத்திரியில் போய்ப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பகல் 12 மணிக்குப் போங்க. லைட்டை அணைத்துவிட்டு, ரூமின் உள்கோடியில் நின்று பேப்பர் படிக்க முடியுதா பாருங்க.

* லைன் வீடு என்றால் கதவும் ஜன்னலும் ஒரே பக்கம் இருக்கும். எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு வென்டிலேட்டராவது இருக்கணும்.

* செல்போனில் லக்ஸ் மீட்டர் ஆப் இருக்கு. துல்லியமில்லை, ஆனால் ரெண்டு ரூமை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

* நைட் ஷிப்ட்டா? ஜன்னலை மூடி இருட்டாகுதா பாருங்க.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விடப்போவது உங்க அப்பாவேதான் என்றால், அதே பட்டியலை அவரிடம் நீட்டுங்க. உள்ளே வரப்போகிறவரும் யாரோ வீட்டுப் பிள்ளைதானே!

யார் சொல்றது?

"நான் பி.காம் படிக்கிறேன், எனக்கெதுக்கு?" என்று ஒதுங்காதீங்க. பி.ஆர்க், சிவில், ட்ரிபிள் ஈ, ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிக்கிறவங்களுக்கு இது நாளைய தொழில். லைட்டிங் டிசைன் என்பது தனி வேலையாகவே வளர்ந்துவிட்டது. மத்தவங்களுக்கு இது ஒரு வாரக் கணக்கு, அவ்வளவுதான். கூட்டல், கழித்தல், கொஞ்சம் வகுத்தல்.

ஆனால் ஒண்ணு. மேஸ்திரியிடமும் எலக்ட்ரீஷியனிடமும் 'நான் படிச்சவன்' தோரணையில் போகாதீங்க. "அண்ணே, இங்க அம்மா நின்னு சமைப்பாங்க, நிழல் விழாம ஒரு பாயின்ட் வேணும், எப்படிண்ணே பண்ணலாம்?" என்று கேளுங்க. நீங்க கேட்டதைவிட நல்ல ஐடியாவை அவரே தருவார். அவர் வேலை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர். அந்த வீட்டில் யார் எங்கே நிற்பாங்க, எத்தனை மணிக்குத் தூங்குவாங்க என்று தெரிந்தவர் நீங்கதான்.

அப்பாவிடமும் சண்டை வேண்டாம். பிளானில் பென்சிலால் குறித்து, பாயின்ட்டுகளை எண்ணி, ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்க. காங்கிரீட்டுக்கு முதல் நாள் எலக்ட்ரீஷியன் வந்து, "பாயின்ட் எங்கே சார்?" என்று கேட்கும்போது, அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்ட ஒரு தாள் இருக்கணும்.

எப்போ எழுதப் போறீங்க? ரூஃப் காங்கிரீட் எந்தத் தேதி என்று முதல்ல கேட்டுட்டு வாங்க!